பிறையும் சிலுவையும் ஒரே காசில்

வாசகர் கேள்வி – பதில்

1095-இல் போப் இரண்டாம் அர்பன் கிளெர்மோன் நகரில் சிலுவைப்போர்ப் படைக்கு அழைப்பு விடுத்தார். 1291-இல் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களிடம் ஆக்கர் துறைமுகம் விழுந்தது. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் கிறிஸ்தவர், இஸ்லாமியர் என இரு தரப்பும் அடித்த காசுகளைச் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளே இம்முறை அதிகம். அதற்குப் பிந்தைய சைப்ரஸ், மால்டா முற்றுகைகள் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

சோழர், நாயக்கர் காசுகள் சேர்த்துப் பழக்கம் உண்டு. சிலுவைப்போரோடு தொடர்புள்ள ஒரு காசு வாங்க ஆசை. கையைக் கடிக்காத விலையில் எதில் தொடங்கலாம்?
– மதுரை வாசகர்

அந்தியோக்கியா இளவரசர் மூன்றாம் போஹெமண்ட் காலத்து (1163–1201) ‘தலைக்கவச டெனியர்’. டெனியர் என்பது ஐரோப்பியரின் சின்ன வெள்ளிக் காசு. சிலுவைப்போர் அரசுகளின் காசுகளில் சந்தையில் அதிகம் புழங்குவதும், நல்ல நிலையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் இதுதான். வெள்ளியும் செம்பும் கலந்த பில்லன் உலோகம். எடை 0.8 முதல் 1 கிராம், குறுக்களவு 17–18 மில்லிமீட்டர். நம் பழைய பத்து பைசாவைக் கையாண்டவருக்கு இது காகிதம்போல இருக்கும்.

முன்பக்கத்தில் இடப்பக்கம் பார்க்கும் வீரனின் தலை. கூம்புக் கவசத்தின் மேல் ஒரு சிலுவை, மூக்கை மறைக்கும் பட்டை, கழுத்தில் சங்கிலிக் கவசத்தைக் குறிக்கும் சின்னச் சின்ன வளைவுகள். முகத்துக்கு எதிரே பிறை, பிடரிக்குப் பின்னால் நட்சத்திரம். சுற்றிலும் போஆமுண்டுஸ் என்ற பெயர். ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ எழுத்து நிற்கும். ‘ஏ’ எழுத்துக்குப் பல காசுகளில் நடுக்கோடே இருக்காது. பின்பக்கத்தில் சிலுவை, அதன் ஒரு கால்பகுதியில் இன்னொரு பிறை, சுற்றிலும் அந்தியோக்கியா. இந்தப் பிறையைப் பார்த்ததும் ‘இஸ்லாமியரோடு சமரசம் செய்து அடித்த காசு’ என்று கதைகட்டி விற்பவர்கள் உண்டு. பிறை இஸ்லாத்தின் பொதுச் சின்னமாக அப்போது நிலைபெறவில்லை. நட்சத்திரமும் பிறையும் கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில் ரோமானியர் காலத்திலிருந்தே காசுகளில் வருபவை. கதைக்குக் கூடுதல் விலை தராதீர்கள்.

வாங்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள்: மூக்குப்பட்டை, கண், சங்கிலிக் கவசம். மூன்றும் தெளிவாக இருந்தால் எழுத்து கொஞ்சம் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தாலும் பரவாயில்லை. எழுத்து முழுதாக இருந்து முகம் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாம் போஹெமண்டுக்குப் பிறகும் இதே பாணியில் அடித்தார்கள். எழுத்து வடிவத்தையும் கவசத்தின் நுணுக்கங்களையும் வைத்தே வகை பிரிக்கிறார்கள். முதல் காசுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

இரண்டாவது காசாக ஜெருசலேம் அரசர் அமால்ரிக்கின் (1163–1174) டெனியர். புனிதக் கல்லறைத் தேவாலயத்தின் வட்ட மண்டபம் அதில் இருக்கும், கூம்பு வடிவக் கூரையோடு. மூன்றாவது எதிர்த்தரப்பிலிருந்து வரட்டும்: 1268-இல் அந்தியோக்கியாவைக் கைப்பற்றிய மம்லூக் சுல்தான் பைபர்ஸின் (1260–1277) வெள்ளித் திர்ஹம். அவருடைய சின்னமான நடக்கும் சிங்கம் எழுத்துகளுக்குக் கீழே விளிம்பை ஒட்டி இருக்கும். தகடு சிறிது, அச்சு பெரிது. அதனால் பாதிக் காசுகளில் சிங்கத்தின் கால் மட்டும், சிலவற்றில் முதுகு மட்டும் விழுந்திருக்கும். சிங்கம் முழுசாகத் தெரியும் காசுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

அரபு எழுத்து மட்டுமே உள்ள ஒரு தங்கக் காசை ‘சிலுவைப்போர் வீரர்களின் காசு’ என்று ஏலப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். அதில் முகம்மது நபியின் பெயர் இருக்கிறதாம். கிறிஸ்தவ அரசு எப்படி அப்படி அடிக்கும்? ஏமாற்றா?
– நாகர்கோவில் வாசகர்

ஏமாற்று இல்லை. இந்தத் துறையில் மிகச் சுவையான காசே அதுதான்.

ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் பழகியது சின்ன டெனியர்களோடு. சிரியா, எகிப்து வணிகமோ எகிப்தை ஆண்ட ஃபாத்திமியரின் தங்கக் காசான தினாரில் நடந்தது. புதுத் தங்கக் காசை அடித்து நீட்டினால் அலெக்சாந்திரியா வியாபாரி வாங்கமாட்டார். அதனால் ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற தினாரையே நகலெடுத்தார்கள். ஜெருசலேம் அரசு ஃபாத்திமிய கலீஃபா அல்-ஆமிரின் (1101–1130) தினாரையும், திரிப்போலி (லெபனானில் உள்ளது, லிபியாவில் உள்ளதல்ல) அல்-முஸ்தன்சிரின் (1036–1094) தினாரையும் பார்த்து அடித்தன. இவற்றைத்தான் பெசன்ட் என்கிறோம். கலிமா, நபியின் பெயர், ஹிஜ்ரி ஆண்டு எல்லாம் அச்சோடு சேர்ந்து வந்துவிட்டன.

அசலையும் நகலையும் பிரிக்க அரபு படிக்கத் தெரிய வேண்டியதில்லை. அல்-ஆமிர் தினாரின் ஒரு பக்கத்து நடுவில் இரண்டு சொற்கள்: ‘ஆலின் காயா’. மிக உயர்ந்த தரம் என்று பொருள். அசலில் இந்த எழுத்துகளின் தண்டுகள் கீழ்க்கோட்டோடு ஒட்டி நேராக நிற்கும். நகலில் தண்டு தனியாக, அடி தனியாகப் பிரிந்து, வட்ட வரிகள் வெறும் கோடுகளும் முக்கோணங்களுமாகச் சிதைந்திருக்கும். அச்சு செதுக்கியவர் படித்து எழுதவில்லை, படமாக வரைந்தார் என்பது பார்த்தவுடன் தெரியும். நிறமும் வெளிறும். ஃபாத்திமிய தினார் ஏறக்குறைய சுத்தத் தங்கம். ஜெருசலேம் பெசன்ட் முதலில் சுமார் 80 சதவீதத்துக்கும் பிறகு சுமார் 68 சதவீதத்துக்கும் இறங்கியது. ‘மிக உயர்ந்த தரம்’ என்ற சொல்லை மட்டும் நீக்கவில்லை!

இது தேவாலயத்தின் கண்ணை உறுத்த நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியோடு வந்த போப்பின் தூதர் ஓடோ, ஆக்கரிலும் திரிப்போலியிலும் நபியின் பெயரோடு காசு அடிப்பவர்களுக்குச் சபை விலக்கு விதித்தார். 1253-இல் போப் நான்காம் இன்னொசென்ட் அதை உறுதிசெய்தார். ஆக்கர் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) என்ன செய்தது? அரபு எழுத்தை விடவில்லை, வாசகத்தை மாற்றியது. ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவி, ஒரே கடவுள்’ என்று அரபியில் எழுதி, நடுவில் சிறு சிலுவை வைத்து, கிறிஸ்து ஆண்டு 1251 என்றும் அரபியில் பொறித்தது. இதன் வெள்ளித் திர்ஹமும் உண்டு. தங்கத்தைவிட அது எளிதில் கிடைக்கும். சிலுவை மிகச் சிறிது, தேய்ந்த காசில் தெரியாது. பட்டியலில் ‘சிலுவையோடு’ என்று போட்டிருந்தால் பெரிதாக்கிய படம் கேளுங்கள்.

ஸ்பெயினிலும் இதே கதை. காஸ்தீல் மன்னர் எட்டாம் அல்ஃபோன்சோ 1170-களிலிருந்து டொலேடோவில் அடித்த மரவேதி என்ற தங்கக் காசில் அரபு வாசகம் இருக்கும். ஆனால் அது போப்பைத் திருச்சபையின் இமாம் என்கிறது. அடியில் லத்தீன் எழுத்தில் மன்னர் பெயரின் சுருக்கம், ஆல்ஃப். அதன் ஆண்டுக்கு ஹிஜ்ரிக் கணக்குப் போடாதீர்கள். அது ஸ்பானிய சகாப்தம். 38-ஐக் கழித்தால் கிறிஸ்து ஆண்டு. 1222 என்றிருந்தால் 1184.

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு அங்கே ஒரு நல்ல வழி உண்டு: ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் ஆண்ட இஸ்லாமிய மரபான அல்மொஹாத் ஆட்சியின் சதுர வெள்ளித் திர்ஹம். சுமார் ஒன்றரை கிராம், ஆண்டும் அரசர் பெயரும் கிடையாது. இதைத் தென்பிரான்ஸ், கத்தலோனியா, இத்தாலியக் கிறிஸ்தவ அக்கசாலைகள் ஏராளமாக நகலெடுத்தன. ஒரு பிஷப்பே அடித்தார். 1266-இல் போப் நான்காம் கிளெமென்ட் தென்பிரான்ஸின் மாகலோன் பிஷப்பைக் கண்டித்துக் கடிதம் எழுதும்படி ஆனது. எழுத்து கோணலான ஒன்றும் நேரான ஒன்றும் வாங்கி அருகருகே வையுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை உண்டா? நகைக்கடைத் தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது.
– காரைக்கால் வாசகர்

உண்டு. ஆனால் உங்கள் தராசு எத்தனை புள்ளி காட்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடர்த்திச் சோதனை இப்படி: ஒரு கண்ணாடி டம்ளரில் காய்ச்சி வடித்த நீர் (பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும்), அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை முதலில் தனியாக எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்லிய நைலான் நூலில் கட்டி, வெளியே ஒரு தாங்கியிலிருந்து தொங்கவிட்டு, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி இறக்குங்கள். தராசு இப்போது காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. செம்பு ஏறக்குறைய 9, வெள்ளி 10.5, சுத்தத் தங்கம் 19.3. அறுபத்தெட்டு சதவீதப் பெசன்ட் 15-ஐ ஒட்டி வரும். காசின் மேல் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் விடை குறைந்துவிடும். சோப்புச் சொட்டு அதற்குத்தான்.

இப்போது சிக்கல். 0.90 கிராம் டெனியர் விலக்கும் நீர் சுமார் 0.10 கிராம். இரண்டு புள்ளித் தராசு 0.01 கிராம் முன்னே பின்னே காட்டும். 0.09 என்று காட்டினால் அடர்த்தி 10, 0.11 என்றால் 8.2. ஒரே காசு ஒரு தடவை வெள்ளிபோலவும் மறு தடவை பித்தளைபோலவும் தெரியும். டெனியருக்கு மூன்று புள்ளித் தராசு, அதாவது ஒரு மில்லிகிராம் பார்ப்பது வேண்டும். அதே இரண்டு புள்ளித் தராசு 12 கிராம் வெண்கலத் திர்ஹமுக்குத் தாராளமாகப் போதும்: 1.37 விலக்கினால் 8.76, ஒரு நூறில் பிசகினாலும் 8.70-க்கும் 8.82-க்கும் இடையில்தான் நிற்கும். 7.5-க்குக் கீழே போனால் உள்ளே குமிழியுள்ள வார்ப்பு, அல்லது வேறு உலோகம்.

நகைக்கடையில் இருக்கும், எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையைச் சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் கருவியைப் பலர் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது மேல்தோலை மட்டும் பார்க்கும். பில்லன் காசில் மேல்தோலில் வெள்ளி கூடுதல், உள்ளே செம்பு கூடுதல். அடிக்குமுன் தகட்டை அமிலத்தில் போட்டு வெளுக்க வைத்ததாலும், மண்ணுக்குள் செம்பு கரைந்ததாலும் அப்படி ஆகிறது. கருவி சொல்லும் வெள்ளி எப்போதும் உள்ளதைவிட அதிகம்.

எடையும் அடர்த்தியும் சரியாக இருந்தும் போலியாக இருக்கலாம். புது அச்சில் பழைய கலவையை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கண்தான் கருவி. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வார்ப்பில் எழுத்தின் ஓரம் சோப்பு கரைந்ததுபோல உருண்டிருக்கும், பள்ளங்களில் ஊசி முனைக் குழிகள் தெரியும், விளிம்பில் அரம் தீட்டிய கோடு இருக்கும். அடித்த காசில் எழுத்தின் பக்கவாட்டில் உலோகம் ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும்.

எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை: இணையக் காப்பகங்களில் அதே காசைத் தேடுங்கள். ஏலப் படங்களுக்கு ஏசிசர்ச் தளம், இஸ்லாமியக் காசுக்கு ஜீனோ தளம். ஒரே அச்சில் இரண்டு காசு வருவது சாதாரணம். ஆனால் தகட்டின் வெளிக்கோடும், அச்சு விலகிய அளவும், விளிம்பு வெடிப்பும் ஒன்றுபோல இரண்டு காசுக்கு வரவே வராது. தகட்டைக் கையால் வெட்டி, கையால் வைத்து, சுத்தியலால் அடித்தார்கள். அப்படி இரட்டைப் பிள்ளைகளைக் கண்டால் குறைந்தது ஒன்றாவது வார்ப்பு, பெரும்பாலும் இரண்டுமே.

‘குருசேடர் லாட், 10 காசுகள்’ என்று மலிவாக வருகிறதே, எடுக்கலாமா?
– ஈரோடு வாசகர்

எடுக்கலாம், என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்தால். அவற்றில் பெரும்பகுதி கிரேக்கத்தில் ஆண்ட பிராங்கியர் (மேற்கு ஐரோப்பியர்) காசுகள்: அகேயா, ஏதென்ஸ் டெனியர்கள். 1204-இல் நான்காம் சிலுவைப்போர் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்ததன் விளைவாக வந்த அரசுகள் அவை; எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் கிரேக்கக் கிறிஸ்தவர்கள். தலைப்பு ‘கிறிஸ்தவர்–இஸ்லாமியர் போர்’ என்றால் இவை ஓரமாகத்தான் சேரும்.

அதே செலவில் வேறு ஒன்று செய்யலாம். முதல் சிலுவைப்போரில் கூடவே சென்ற ரேமோன் என்ற பாதிரியார் படைக்குள் புழங்கிய காசுகளைப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்: புவாத்து, ஷார்த்ர், லெ மான், லூக்கா, வாலன்ஸ், மெல்கெய், லெ புய். கடைசியில் உள்ள லெ புய் காசு இரண்டுக்கு மற்றவற்றில் ஒன்று. இந்த ஏழும் ‘பிரெஞ்சு நிலமானியக் காசு’, ‘இத்தாலி டெனாரோ’ என்ற தலைப்பில் கிடைக்கும். சிலுவைப்போர் என்ற முத்திரை இல்லாததால் விலையும் ஏறாது. நடுவில் ஹெச் எழுத்துபோல ஒரு கூட்டெழுத்து இருந்தால் லூக்கா. இறக்கை விரித்த உருவம் இருந்தால் வாலன்ஸ். ஒரே உருவத்தைத் தலைமுறை தலைமுறையாக அடித்ததால் 1096-இல் அடித்ததா, 1150-இல் அடித்ததா என்று பலவற்றில் சொல்லமுடியாது. லேபிளில் ‘வகை’ என்று எழுதுங்கள், ‘போரில் போன காசு’ என்று எழுதாதீர்கள்.

மூன்றாம் சிலுவைப்போரில் சலாஹுதீனை எதிர்த்த மன்னர் ரிச்சர்டின் பெயருள்ள காசு தேடுகிறவர்கள் இங்கிலாந்துப் பென்னியில் தேடவேண்டாம். அவர் ஆட்சியில் அடித்த பென்னியிலும் அப்பா ஹென்றியின் பெயரே தொடர்ந்தது. ரிச்சர்ட் பெயர் பிரான்ஸில் அவருக்கிருந்த நிலங்களின் காசுகளில்தான் இருக்கிறது, புவாத்து டெனியர்போல.

சுல்தான் சலாஹுதீனின் உருவம் பொறித்த காசு உண்டா?
– மேலப்பாளையம் வாசகர்

அரியணையில் தலைப்பாகையோடு அமர்ந்த உருவமுள்ள செம்புத் திர்ஹம் ஒன்று அவர் பெயரில் உண்டு, ஹிஜ்ரி 586. வடக்கு மெசபொத்தேமியாவில் அடித்தது. அங்கே ஆர்த்துக்கியர் போன்ற துருக்மான் அரச மரபினர் ரோம, பைசாந்தியக் காசுகளைப் பார்த்து உருவம் போட்டுப் பழகியிருந்தார்கள். அது அவருடைய முகச்சாயலா என்றால், இல்லை. அரசர் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அரிய காசு, விலையும் அதற்கேற்ப. சாதாரணமாகக் கிடைப்பது எழுத்து மட்டும் உள்ள வெள்ளித் திர்ஹம். எழுத்து சதுரத்துக்குள் இருந்தால் தமாஸ்கஸ், ஆறுமுனை நட்சத்திரத்துக்குள் இருந்தால் அலெப்போ என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு நாங்கள் சொல்லும் காசு வேறு. இன்றைய துருக்கியிலுள்ள மார்தினை ஆண்ட ஆர்த்துக்கியர் யூலுக் அர்ஸ்லான் ஹிஜ்ரி 589-இல் அடித்த பெரிய வெண்கலத் திர்ஹம். சுமார் 12 கிராம், 30 மில்லிமீட்டர். நான்கு பேர், நடுவில் ஒருவர் அமர்ந்து தலை குனிந்திருக்கிறார், சுற்றி நிற்பவர்கள் கைகளை உயர்த்தியும் தலையில் வைத்தும் இருக்கிறார்கள். ஒப்பாரி வைக்கும் காட்சி என்று பார்த்தவுடன் நம்மவர்களுக்கு விளங்கும். சலாஹுதீன் இறந்தது 1193 மார்ச் 4, அதாவது ஹிஜ்ரி 589. அவருடைய மறைவுக்கான துக்கம் என்றே பலர் கொள்கிறார்கள். காசில் அப்படி எழுதியில்லை. ஆண்டு பொருந்துவதுதான் ஆதாரம்.

ஆண்டு மாற்றும் கணக்கு: ஹிஜ்ரியை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 589-க்கு 571.3, கூட்டினால் 1193. ஓராண்டு முன்பின் வரலாம். ஆண்டு இலக்கத்தில் இருக்காது, சொல்லில் இருக்கும். ஒன்றாம் இடம், பத்து, நூறு என்ற வரிசையில் படிக்கவேண்டும். ‘ஒன்பது, எண்பது, ஐந்நூறு’. பத்தாம் இடத்துச் சொல் விளிம்புக்கு வெளியே போயிருந்தால் விற்பவர் தனக்கு வசதியான ஆண்டைப் போட்டுக்கொள்வார். படத்தில் அந்தச் சொல் தெரிகிறதா என்று பாருங்கள்.

புதிதாக வந்த டெனியர் கறுப்பாக, பச்சைப் புள்ளிகளோடு இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமா?
– திருச்சி வாசகி

ஆகும். பித்தளைக் குத்துவிளக்குபோலச் சிவந்து பளிச்சென்று ஆகும். அதோடு காசின் மதிப்பும் போகும். புளி, எலுமிச்சை, சபீனா, பற்பசை எதுவும் கூடாது. மேலே சொன்ன வெள்ளி மிகுந்த மேல்தோல் சில மைக்ரான்கள்தான். புளியின் அமிலம் அதற்குள் இருக்கும் செம்பை அரித்துவிட்டு, உள்ளிருக்கும் சிவப்பைக் காட்டும். கறுப்பு ஒரு பாதுகாப்புப் படலம், அதோடு இருக்கட்டும்.

பச்சையில் இரண்டு வகை. கரும்பச்சை, கெட்டியாக, பளபளப்பாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வெளிர்பச்சை, மாவுபோல உதிர்ந்து, துடைத்தாலும் சில நாளில் திரும்ப வந்தால் அது வெண்கல நோய்: உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அரித்துக்கொண்டே போகிறது. மூங்கில் பல்குத்தியால் மாவை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் வடித்த நீரில் சலவைச் சோடா 25 கிராம், ஆப்பச்சோடா 25 கிராம் கரைத்து அதில் ஊறவையுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றவேண்டும். ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். பிறகு வடித்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி, அசிட்டோனில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் ஈரம் வெளியேறும். அசிட்டோனுக்குக் கண்ணாடிக் கிண்ணம். அடுப்பு எரியும் அறையில் வேண்டவே வேண்டாம். டெனியரை இரு விரலால் விளிம்பில் பிடியுங்கள், அழுத்தித் துடைக்காதீர்கள். எண்ணூறு ஆண்டில் உலோகம் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும், அப்பளம்போல உடையும்.

வைக்கும் உறை பிவிசியாக இருக்கக்கூடாது. புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அது பிவிசி. நாளடைவில் அமிலம் கசிந்து பசைபோலப் பச்சை படியும். பாலிப்ரொப்பிலின் அல்லது மைலார் வாங்குங்கள். அட்டைச் சட்டத்தில் வைத்தால் ஸ்டேப்ளர் ஊசியின் முனையைக் குறடால் தட்டையாக்குங்கள். அடுத்த காசைக் கீறும். கடலோர ஊர்களில் மூடிய டப்பாவுக்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பத மானியும் கட்டாயம். 40 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நோய் தூங்கும்.

எங்கள் அம்மம்மாவின் காசுமாலையில் வெனிஸ் நகரத்துத் தங்கக் காசு இருக்கிறது. சிலுவைப்போர்க் காசு என்று ஒருவர் சொன்னார். சரியா?
– யாழ்ப்பாணம் வாசகி

வெனிஸ் டுக்கட்டாக இருக்கும். வணிகத்தில் நம் கரைகளுக்கு ஏராளமாக வந்தது. ஒரு பக்கம் புனித மாற்கின் முன் மண்டியிட்டு நீண்ட கொடிக்கம்பைப் பிடித்திருப்பவர் வெனிஸின் தலைவர், டோஜே. தென்னிந்தியாவில் அதைப் பனை ஏறுகிறவர் என்று பார்த்து, அதற்கேற்பப் பெயரும் வைத்தார்கள். டுக்கட் 1284-இல்தான் தொடங்கியது; ஆக்கர் விழ ஏழாண்டு முன்பு. மாலைகளில் இருப்பவை பொதுவாக அதற்கு மிகப் பிந்தியவை.

அசல் 3.5 கிராமுக்கு நூலிழை குறைவு, ஏறக்குறைய சுத்தத் தங்கம். நம் பக்கத்துத் தட்டார்கள் செய்த நகல்களும் மாலைகளில் உண்டு. அவற்றில் லத்தீன் எழுத்து வெறும் கோடுகளாக இருக்கும். பெசன்டில் அரபுக்கு நேர்ந்ததே இங்கே லத்தீனுக்கு. வளையம் பற்றவைத்திருந்தால் எடையை நம்பமுடியாது; எழுத்தைப் பாருங்கள். டோஜேயின் பெயர் ஏ, எல் என்று தொடங்கி மொசெனிகோ என்று முடிந்தால் உடனே குதிக்காதீர்கள். ஒட்டோமான் துருக்கியரோடு சைப்ரஸின் ஃபமகுஸ்தா முற்றுகையும் 1571 லெப்பந்தோ கடற்போரும் நடந்தபோது ஆட்சியில் இருந்தவர் முதலாம் அல்விசே மொசெனிகோ (1570–77). அதே பெயரில் இன்னும் மூவர் ஆண்டார்கள், கடைசியானவர் 1763–78. எழுத்து நடையையும் வேலைப்பாட்டையும் ஏலப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் பிரிக்கமுடியும்.

சிலுவைப்போரோடு நேரடியாகத் தொடர்புள்ள வெனிஸ் காசு வேண்டுமானால் என்ரிகோ தாந்தோலோவின் (1192–1205) வெள்ளி கிராஸோ. 2.18 கிராம், அந்தக் காலத்துக்கு அசாத்தியச் சுத்தமான வெள்ளி. 1201-இல் நான்காம் சிலுவைப்போருக்குக் கப்பல் கட்டித்தர வெனிஸ் பேசிய தொகை 85,000 மார்க் வெள்ளி. படைக்கு வந்தவர்கள் குறைவு, பணமும் குறைந்தது, படை திசைமாறியது.

முற்றுகைக் காசுகள்?
– தூத்துக்குடி வாசகர்

இரண்டு போதும். 1570 என்று ஆண்டிட்ட ஃபமகுஸ்தா செம்புப் பெசன்ட்: ஒட்டோமான் படை சூழ்ந்திருந்தபோது வெனிசியர்கள் நகருக்குள் அடித்தது. ஒரு பக்கம் சிறகுள்ள சிங்கம், ‘சைப்ரஸ் அரசின் காவலுக்காக’. மறுபக்கம் ‘வெனிசியரின் வாக்குப் பிசகாது’. நகரம் 1571 ஆகஸ்டில் வீழ்ந்தது. வார்ப்புப் போலி அதிகம், அடர்த்திச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

மற்றது மால்டா. 1565 ஒட்டோமான் முற்றுகையைத் தாங்கிய புனித யோவான் சபை வீரர்களின் தலைவர் லா வலெத் புதிய நகரம் கட்டச் செம்பில் 4 தாரி காசு வெளியிட்டார்: கைகோத்த இரு கைகள், ‘செம்பு அல்ல, நம்பிக்கை’ என்ற லத்தீன் வாசகம். பிற்காலத்தில் அதே வகைக் காசுகளில் திரும்பத் திரும்ப மேல்முத்திரை குத்தினார்கள். முத்திரை நிறைந்த காசைச் சிதைந்தது என்று ஒதுக்குகிறார்கள்; நாங்கள் அதைத்தான் எடுப்போம்.

வெளிநாட்டு ஏலத்தில் வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா?
– சேலம் வாசகர்

வாங்குவதில் முதல் கேள்வி, காசு எங்கிருந்து வெளியேறியது என்பது. இஸ்ரேலின் 1978 சட்டப்படி 1700-க்கு முந்தையது தொல்பொருள், வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டும். துருக்கியின் 2863-ஆம் சட்டம் இன்னும் கடுமை. சிரியாவிலிருந்து 2011 மார்ச் 15-க்குப் பிறகு முறைகேடாக வெளியேறிய பொருள்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2199-ஆம் தீர்மானம் தடுக்கிறது. அதனால் 2011-க்கு முந்தைய ஏலப் பட்டியலோ பில்லோ உள்ள காசை எடுங்கள். மண் போகாத காசுகள் கிலோக் கணக்கில் வந்தால் பக்கத்தில் போகாதீர்கள்.

அடுத்தது செலவு. ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் 18 முதல் 25 சதவீதம் வரை நிறுவனத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, காப்பீடு, இங்கே சுங்கம். சுங்க விகிதம் மாறும்; ஏலம் கேட்கும் முன்பே கூரியரிடம் கேட்டுவிடுங்கள். ‘விலையைக் குறைத்துப் போட்டு அனுப்பவா?’ என்று விற்பவர் கேட்டால் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். சுங்கத்தில் மாட்டினால் பொறுப்பு உங்களுடையது, பார்சல் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

கடைசியாக, வந்த காசைத் திரும்ப வெளியே அனுப்புவது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் நூறாண்டு கடந்த காசைத் தொல்பொருள் என்கிறது. தனியார் ஏற்றுமதி செய்யமுடியாது. பிடிக்காமல் திருப்பி அனுப்புவது, கிரேடிங்குக்கு (தரம் மதிப்பிட்டு உறையிடுவதற்கு) அமெரிக்கா அனுப்புவது என்ற எண்ணமிருந்தால் முதலில் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். கிரேடிங் வேண்டுமென்றால் அது முடிந்து உறையிட்ட காசாகவே வாங்கிவிடுவது மேல். இறக்குமதி பில்லையும் சுங்க ரசீதையும் காசோடு வைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். ரசீதுத் தாளின் அமிலமும் காசுக்கு ஆகாது.